எதில் எத்தனை?

அத்தியாயம் 6: பின்னம், தசமம், அலகு – பயிற்சி தரும் முறை

முதல் வகுப்பை ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். ஐந்தாவது, ஆறாவது படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேரை உட்கார வைத்து, "கால் என்றால் எவ்வளவு?" என்று கேளுங்கள். கடைக்குப் போய்வந்து பழகிய பெண் 250 என்பாள். மணி பார்க்கத் தெரிந்த பையன் பதினைந்து என்பான். புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்திருக்கும் பிள்ளை "ஒன் பை ஃபோர்" என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை நாலணா என்றாலும் ஆச்சரியமில்லை. நாலும் சரியான பதில்தான். ஆனால் நாலு பேரும் பாதியை முழுங்கிவிட்டார்கள். எதில் கால்?

அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் தலையில் எழுதிவிட்டு, கீழே வரிசையாக நிரப்பச் சொல்லுங்கள். கிலோவில் கால், 250 கிராம். மணியில் கால், 15 நிமிடம். ரூபாயில் 25 காசு, டஜனில் 3, அடியில் 3 அங்குலம், பவுனில் 2 கிராம், ஏக்கரில் 25 சென்ட். ருசி கண்டுவிட்டால் பிள்ளைகள் நிறுத்த மாட்டார்கள். "வருஷத்துல மூணு மாசம் சார்", "ஓவர்ல ஒண்ணரை பால் சார்" என்று போகும். ஒன்றரைப் பந்து எப்படி வீசுவது என்று ஒரு சண்டை வரும். குறுக்கே விழாதீர்கள்.

பாடநூலில் பின்னம் ஓர் இயல், தசமம் இன்னோர் இயல், அளவைகள் வேறோர் இயல். பிள்ளையின் தலையிலும் அவை தனித்தனி அறைகளாகவே தங்கிவிடுகின்றன. 1/4 தெரியும், 0.25 தெரியும், 250 கிராம் தெரியும். மூன்றும் ஒரே ஆள் என்பது தெரியாது. நாலில் ஒன்று, நூறில் இருபத்தைந்து, ஆயிரத்தில் இருநூற்றைம்பது என்று மூன்றையும் ஒரே மாதிரி வாயால் சொல்ல வைத்தால் அறைகளுக்கு நடுவே ஒரு கதவு திறக்கும். இந்த அத்தியாயத்தின் பயிற்சிகள் எல்லாம் அதற்காகத்தான்.

வாயில் வருவது

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை முக்காலை "த்ரீ பை ஃபோர்" என்று படிக்கிறது. அதில் மூன்றும் நாலும் காதில் விழுகின்றன, உறவு விழுவதில்லை. தமிழில் "நாலில் மூன்று" என்கிறோம். முழுமை எத்தனை பங்காக வெட்டப்பட்டது என்பது முதலில் வருகிறது, எத்தனை பங்கு எடுத்தோம் என்பது அடுத்து. எந்த வழியில் படித்தாலும் பயிற்சி நேரத்தில் இப்படியே சொல்லச் சொல்லுங்கள். எழுதும்போதும் இதே வரிசை: முதலில் கோடு, பிறகு கீழே நாலு, கடைசியில் மேலே மூன்று. பகுதி முதலில், தொகுதி பிறகு. பள்ளியில் மேலிருந்து கீழே எழுதப் பழகியிருப்பார்கள். இரண்டு வாரம் இப்படி எழுதினால் எது தொகுதி, எது பகுதி என்ற குழப்பம் பெரும்பாலும் போய்விடும்.

நம் பழைய பின்னச் சொற்களில் கணக்கு ஒளிந்திருக்கிறது. அரைக்கால் என்பது காலில் அரை, அதாவது 1/8. பின்னப் பெருக்கல் அந்தச் சொல்லுக்குள்ளேயே முடிந்துவிட்டது. முக்கால், மூன்று கால்கள். வீசம் அல்லது மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வைத்து இவற்றின் வாய்பாடுகளை மனப்பாடம் செய்தார்கள். அவற்றை இப்போது திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை; முந்திரியைப் பெருக்கி எந்தப் பிள்ளைக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அரைக்கால் வேண்டும். "எட்டு பெரிசு, நாலு சிறிசு, அதனால 1/8 பெரிசு" என்று சொல்கிற பிள்ளையிடம் விளக்கம் எதுவும் வேண்டாம். அரைக்கால் பெரிதா, கால் பெரிதா என்று கேளுங்கள், போதும்.

காவிரிப் படுகையில் நீங்கள் வகுப்பு எடுத்தால் உங்களுக்கு ஒரு சொல் இனாம். அங்கே இன்னும் நிலத்தை மா கணக்கில் பேசுகிறார்கள். இருபது மா ஒரு வேலி. வேலியில் மா என்பது சரியாக 1/20. மூன்று மா ஓர் ஏக்கர் என்பது ஊர்க்கணக்கு. அப்படியானால் ஒரு மா எத்தனை சென்ட்? 33 என்பார்கள். நூறை மூன்றால் வகுத்தால் 33.33… என்று முடியாமல் போகிறதே, மிச்சம் யார் வயலில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் வாரம் பென்சில் வேண்டாம்

தேவையான சாமான்கள்: கிழித்த நாள்காட்டித் தாள்கள், துணி காயப்போடும் கொடிக்கயிறு, கிளிப், தையல்காரர் டேப், முள் உள்ள பழைய கடிகாரம் ஒன்று, அரை லிட்டர் பால் பாக்கெட்டின் காலி உறை. வாங்க வேண்டியது அநேகமாக எதுவும் இல்லை.

தாளை நீளவாக்கில் மடித்தால் அரை. மறுபடி மடித்தால் கால். மறுபடி மடித்தால் அரைக்கால். பிரித்துப் பார்த்து எட்டுக் கட்டங்களையும் எண்ணச் சொல்லுங்கள். மூன்றாக மடிப்பது கடினம். இரண்டு மூன்று தாள் வீணாகும். வீணாகட்டும். சமமாக வராத மூன்று பங்கைக் காட்டி, "இது மூன்றில் ஒன்றா?" என்று கேட்கக் கிடைத்த வாய்ப்பு அது. பங்குகள் சமமாக இருக்க வேண்டும் என்ற விதியைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

அடுத்து பெருக்கல். தாளை நாலாக மடித்து மூன்று கட்டத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். "இப்போ இந்த முக்காலில் மூன்றில் இரண்டு பங்கு எனக்குக் கொடு." பிள்ளை வண்ணம் தீட்டிய மூன்று கட்டத்தில் இரண்டைக் காட்டும். அது முழுத்தாளில் எவ்வளவு? அரை. மேலே மேலே பெருக்கி, கீழே கீழே பெருக்கி, 6/12 என்று எழுதிச் சுருக்கும் வேலையெல்லாம் பிறகு வரட்டும். விடை என்னவென்று கண்ணால் பார்த்த பிறகு வருகிற சூத்திரத்துக்கு மரியாதை அதிகம்.

கொடிக்கயிறு இந்த அத்தியாயத்தின் முக்கியக் கருவி. சுவருக்குச் சுவர் கட்டி ஒரு முனையில் 0, நடுவில் 1, மறு முனையில் 2 என்று சீட்டு மாட்டுங்கள். 1/2, 0.5, 3/4, 0.7, 1/3, 0.3, 1/8, 0.09, 5/4 என்று சீட்டுகள் எழுதி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, உரிய இடத்தில் கிளிப் போடச் சொல்லுங்கள். 1/2 மாட்டிய இடத்திலேயே 0.5 வந்து உட்கார வேண்டும். 1/3க்கும் 0.3க்கும் ஒரே இடமா, விரற்கடை தள்ளியா? 5/4 வைத்திருப்பவன் 1ஐத் தாண்டிப் போகத் தயங்குவான், ஏனென்றால் பின்னம் என்றாலே ஒன்றைவிடச் சிறியது என்று அவன் நினைத்திருப்பான். தினமும் ஐந்து நிமிடம், இரண்டு புதிய சீட்டு. ஒருவர் மாட்டியதை இன்னொருவர் நகர்த்தலாம். ஆனால் காரணம் சொல்லிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். என் முதல் வருடத்தில் தினம் நாற்பது மீ.சி.ம. கணக்கு என்று ஒரு மாதம் வேலை வாங்கினேன். எல்லாரும் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஒரு பெண்ணிடம், "அரை கிலோ வெங்காயம், முக்கால் கிலோ தக்காளி, ஒரு கிலோ தாங்கும் பை. தாங்குமா?" என்று கேட்டேன். அவள் தாளை எடுத்தாள், மீ.சி.ம. கண்டாள், 5/4 என்று அழகாக எழுதிக் கோடு போட்டாள். பிறகு பை தாங்குமா தாங்காதா என்று சொல்லத் தெரியாமல் நின்றாள். 5/4 என்பது ஒன்றைவிடப் பெரியது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சில்லறை மாற்றுவது

1/2 + 1/3 = 2/5. இந்தத் தவறை நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. சிவப்பு மை எடுப்பதற்கு முன் கயிற்றைக் காட்டுங்கள். 2/5 எங்கே இருக்கிறது? அரைக்கு இந்தப் பக்கம். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்துவிட்டதா? பிள்ளை தானே சிரித்துவிடும்.

அந்தப் பிள்ளை முட்டாள்தனமாக எதுவும் செய்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தேர்வில் இரண்டுக்கு ஒன்று, அடுத்த தேர்வில் மூன்றுக்கு ஒன்று வாங்கினால், மொத்தம் ஐந்துக்கு இரண்டுதான். மதிப்பெண்ணில் அப்படிக் கூட்டுவது சரி, ஏனென்றால் அங்கே முழுமையும் வளர்ந்துகொண்டே போகிறது. அரை தோசையும் மூன்றில் ஒரு தோசையும் சேரும்போது முழுமை ஒரே தோசைதான், வளரவில்லை. "எதில்?" என்று கேட்டால் இரண்டு கணக்கும் பிரிந்துவிடும். புத்திசாலிப் பிள்ளைகள் இந்த மதிப்பெண் உதாரணத்தைத் தாங்களே கொண்டுவருவார்கள். அப்போது நீங்கள் திணறக் கூடாது.

கூட்டுவதற்குப் பகுதிகளைச் சமமாக்க வேண்டும் என்பதைச் சில்லறை மாற்றுவதாகச் சொல்லுங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் வேறு வேறு நாணயங்கள். இரண்டையும் எந்தச் சில்லறையாக மாற்றலாம்? கடிகாரம் கைகொடுக்கும். அரை மணி 30 நிமிடம், மூன்றில் ஒரு மணி 20 நிமிடம். சேர்த்தால் 50 நிமிடம், அறுபதில் ஐம்பது, ஆறில் ஐந்து. அறுபதை 2, 3, 4, 5, 6, 10, 12 என்று எத்தனையோ எண்கள் மீதமில்லாமல் வகுக்கும். பாபிலோனியர்கள் அறுபதை அடியாகக் கொண்டு எண்ணினார்கள். அந்தப் பழக்கம் இன்றும் நம் கைக்கடிகாரத்தில் ஓடுகிறது. பின்னம் கூட்டக் கற்பிக்க இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியாது. ஏழில் ஒன்று வரும்போது மட்டும் கடிகாரம் கைவிட்டுவிடும், மீ.சி.ம. அப்போது வரட்டும். தேவை வந்த பிறகு வருகிற விருந்தாளியை யாரும் வெறுப்பதில்லை.

அரையால் வகு என்றால் பாதியாக்கு என்று பொருள் இல்லை

பிள்ளைகளை விடுங்கள், நம்மில் பலருக்கே சறுக்கும் இடம் இது. லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட நூலில், அமெரிக்காவிலும் சீனாவிலும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் 1¾ ÷ ½ என்ற கணக்கைக் கொடுத்துச் செய்யச் சொன்னதைப் பற்றி எழுதினார். கூடவே, இதற்குப் பொருந்துகிற ஒரு கதைக்கணக்கும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் கணக்கைச் சரியாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. பொருந்தும் கதை சொன்னவர் ஒரே ஒருவர். பலர் இரண்டு பேருக்குப் பங்கு போடும் கதையைச் சொன்னார்கள். அது இரண்டால் வகுப்பது.

மேலே படிப்பதற்கு முன் நீங்களும் ஒரு கதை யோசித்துப் பாருங்கள்.

என் கதை பால் பாக்கெட். ஒன்றேமுக்கால் லிட்டர் பால் இருக்கிறது. அரை லிட்டர் உறைகளில் ஊற்றினால் எத்தனை உறை நிரம்பும்? மூன்று உறை முழுதாக, நாலாவது பாதி. மூன்றரை. வகுத்தால் விடை சிறியதாகத்தான் வரும் என்று நாலாம் வகுப்பு முதல் நம்பிவந்த பிள்ளைக்கு இங்கே ஓர் அதிர்ச்சி இருக்கிறது: ஒன்றேமுக்காலை வகுத்து மூன்றரை வந்திருக்கிறது. "சின்ன உறையில் ஊற்றினால் உறை அதிகம் வேண்டும்" என்று அவர்களே காரணம் சொல்லும்வரை காத்திருங்கள். தலைகீழாக்கிப் பெருக்கும் வித்தையை அதுவரை சொல்ல வேண்டாம்.

அடுத்தது துணிக்கணக்கு. ஒரு பை தைக்க முக்கால் மீட்டர் துணி. ஆறு மீட்டரில் எத்தனை பை? டேப்பை வைத்து அளந்தே பார்க்கலாம், எட்டு. இப்போது ஐந்து மீட்டர் கொடுங்கள். 5 ÷ 3/4 = 20/3 = 6⅔. ஆறு பை தைக்கலாம். மிச்சத் துணி எவ்வளவு? வகுப்பில் பாதிப் பேர் மூன்றில் இரண்டு மீட்டர் என்பார்கள். நீங்களும் நினைத்திருக்கலாம். ஆறு பைக்கு 4.5 மீட்டர் போனால் மிச்சம் அரை மீட்டர். அப்படியானால் அந்த ⅔ எங்கிருந்து வந்தது? அது மீட்டரில் மூன்றில் இரண்டு கிடையாது. பையில் மூன்றில் இரண்டு. அரை மீட்டர் துணி இன்னொரு பைக்கு வேண்டிய முக்கால் மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரே துண்டுத் துணிக்கு ஒரே நேரத்தில் ½ என்றும் ⅔ என்றும் இரண்டு பெயர். இந்த ஒரு கணக்குக்கு ஒரு முழு வகுப்பைக் கொடுங்கள். துணியை வெட்டிக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது.

புள்ளி, புள்ளி மாதிரி இருப்பவை

0.125 பெரிதா, 0.5 பெரிதா? "நூத்தியிருபத்தஞ்சு பெரிசு" என்ற பதிலுக்குக் காரணம் நாம்தான். "பூஜ்யம் புள்ளி நூற்றி இருபத்தைந்து" என்று படிக்க வைத்தவர்கள் நாம். புள்ளிக்குப் பிறகு ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வேண்டும்: புள்ளி ஒன்று இரண்டு ஐந்து. தேவைப்பட்டால் விரித்து, பத்தில் ஒன்று, நூறில் இரண்டு, ஆயிரத்தில் ஐந்து.

தசமத்துக்குக் காசை உதாரணம் காட்டுவது பழைய வழக்கம். 1957 ஏப்ரல் 1இல் ரூபாய் நூறு புதுக்காசாக மாறியபோது அது புதிய பாடமாகவே இருந்தது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. அணா என்பது ரூபாயில் வீசம், புதுக்கணக்கில் 6.25 காசு. கால் காசுக்கு நாணயம் ஏது? கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே என்ன நடந்திருக்கும் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லலாம். ஆனால் இன்றைய பிள்ளைக்குக் காசு உதவாது. 25 காசு நாணயம் 2011 ஜூன் 30ஓடு செல்லாமல் போயிற்று. பார்த்தே இராத நாணயத்தை வைத்து என்ன விளக்குவது? பெட்ரோல் பங்கில் ஓடும் எண்களைக் காட்டுங்கள். லிட்டர் 100 ரூபாய் 80 காசு என்று வைத்துக்கொண்டால், 200 ரூபாய்க்கு எவ்வளவு விழும்? இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைய. 1.98 என்று காட்டினால் சரி, 2.98 என்று காட்டினால் பங்க்காரரோடு சண்டை போட வேண்டாம், வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நகையில் அடிக்கும் 916 இன்னும் நல்ல பாடம். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். 22ஐ 24ஆல் வகுக்கச் சொல்லுங்கள்: 0.91666… முத்திரையின் ரகசியம் தெரிந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவின் தோட்டை வாங்கிப் பார்ப்பார்கள். 18 காரட்டுக்கு 750, 20 காரட்டுக்கு 833 என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். முழுமையாக்கினால் 917 அல்லவா வரும் என்று கேட்டதற்கு, "இருக்கறதவிட கூட சொன்ன மாதிரி ஆயிடும்ல சார்" என்று ஒரு பெண் சொன்னாள். ஒரு பவுன், அதாவது 8 கிராம், 22 காரட் நகையில் சுத்தத் தங்கம் எவ்வளவு? 8இல் 22/24, ஏழேமூன்றில் ஒன்று கிராம்.

இனிமேல் சொல்லப்போவதைப் பாடநூல்கள் தொடுவதில்லை. நாம் புள்ளி வைத்து எழுதுகிற எல்லாமே தசமம் கிடையாது. ஒன்றரை மணி நேரத்தை 1.30 என்று எழுதுகிறோம். 1.30ஐயும் 1.45ஐயும் கூட்டி 2.75 மணி நேரம் என்று எழுதும் பிள்ளை தசமக் கூட்டலைச் சரியாகச் செய்திருக்கிறது. விடை 3 மணி 15 நிமிடம். கிரிக்கெட்டில் 19.3 ஓவர் என்றால் 19 ஓவர், மூன்று பந்து. ஓவருக்கு ஆறு பந்து என்பதால் அது உண்மையில் பத்தொன்பதரை ஓவர். 156 ஓட்டத்தை 19.5ஆல் வகுத்தால் ஓவருக்குச் சரியாக 8, 19.3ஆல் வகுத்தால் 8.08 என்று தப்பாக வரும். உயரத்தில் இதைவிட வேடிக்கை. 5.9 உயரக்காரரா, 5.10 உயரக்காரரா, யார் நெட்டை? தசமம் என்றால் முதலாமவர். அடி, அங்குலம் என்றால் இரண்டாமவர். பட்டாவில் 0-12.50 என்று இருந்தால் சிறுகோட்டுக்கு இடப்பக்கம் ஹெக்டேர், வலப்பக்கம் ஏர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர், ஓர் ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட், ஆக அந்த நிலம் சுமார் 31 சென்ட். பெரிய பிள்ளைகளுக்கு அவரவர் வீட்டுப் பட்டாவையே எடுத்துவந்து படிக்கச் சொல்லலாம். வீட்டில் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பட்டா எதற்கு என்று உங்களைத் தேடி வருவார்கள்.

அலகு

கிராமைக் கிலோவாக்க ஆயிரத்தால் பெருக்குவதா, வகுப்பதா? இதை மனப்பாடம் செய்த பிள்ளை தேர்வுக்கு மறுநாளே மறந்துவிடும். ஒரு குடம் தண்ணீரை முதலில் சொம்பால் அளக்கச் சொல்லுங்கள், பிறகு டம்ளரால். சிறிய பாத்திரத்தால் அளந்தால் அதிகத் தடவை மொள்ள வேண்டும். சின்ன அலகு, பெரிய எண். இது கையில் ஏறிவிட்டால் பெருக்கலா வகுத்தலா என்ற கேள்வியே எழாது.

பரப்பளவு வரும்போது மறுபடி சறுக்கும். ஒரு மீட்டர் 100 சென்டிமீட்டர் என்பதால் ஒரு சதுர மீட்டர் 100 சதுர சென்டிமீட்டர் என்று எழுதுவார்கள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு மீட்டர்ச் சதுரம் வரைந்து, மூலையில் ஒரு சென்டிமீட்டர்ச் சதுரத் தாளை வையுங்கள். அந்தப் பொட்டு நூறு வைத்தால் ஒரு வரிசைதான் நிறையும்; இன்னும் 99 வரிசை இருக்கிறது. சதுர அடிக்கு 144 சதுர அங்குலம் என்பதையும் அதே தரையில் பார்த்துவிடலாம்.

மழையை ஏன் சென்டிமீட்டரில் சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டால் விடாதீர்கள். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். 50 சதுர மீட்டர் மாடியில் 10 செ.மீ. மழை, அதாவது 100 மி.மீ., பெய்தால் 5,000 லிட்டர். ஐப்பசி அடைமழையில் இந்தக் கணக்கைக் கொடுங்கள். சித்திரையில் கொடுத்தால் எடுபடாது.

எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு ஒரு நிஜக் கணக்கு. 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் போக வேண்டும். தேவையான எரிபொருள் 22,300 கிலோ. தொட்டிகளில் ஏற்கெனவே 7,682 லிட்டர் இருக்கிறது. ஊழியர்கள் 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள்: 13,597. 22,300இல் அதைக் கழித்தால் 8,703. அதை 1.77ஆல் வகுத்து, இன்னும் 4,900 லிட்டர் சொச்சம் போதும் என்று முடிவு செய்தார்கள். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிள்ளைகள் ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கட்டும். பிறகு கேளுங்கள்: 1.77 என்ன? ஒரு லிட்டர் எரிபொருளின் எடை, பவுண்டில். கிலோவில் அது சுமார் 0.8 மட்டுமே. 0.8ஐ வைத்து மறுபடி போட்டால் சுமார் 20,000 லிட்டர் ஊற்றியிருக்க வேண்டும் என்று வரும். நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விமானி கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் மிதந்தபடியே இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். இந்தக் கணக்கைச் செய்த பிள்ளை அதற்குப் பிறகு அலகு எழுதாமல் விடை எழுதி நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

தினமும் எவ்வளவு

இருபது நிமிடம், ஐந்து கணக்கு. ஐந்தும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. பின்னக் கூட்டல் பத்து என்று கொடுத்தால் பிள்ளை முதல் கணக்கில் மட்டும் யோசிக்கும். மீதி ஒன்பதும் கைப்பழக்கம். ஒரு கூட்டல், ஒரு வகுத்தல், ஒரு தசம ஒப்பீடு, ஓர் அலகு மாற்றம், போன வாரத்திலிருந்து ஒன்று என்று கலந்து கொடுங்கள். ஆரம்பத்தில் மதிப்பெண் குறையும், பெற்றோர் முகம் சுளிக்கலாம். ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எந்தக் கணக்கையும் தொடங்குமுன் "சுமாரா எவ்வளவு வரும்?" என்று கேட்டு, அதை ஓரத்தில் எழுத வைக்க வேண்டும். கண்மதிப்புக்கு உடம்பே உதவும். ஒவ்வொருவரும் தம் சாண், முழம், ஓரடி வைப்பு எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கட்டும். வளருகிற பிள்ளைகள், பருவத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டியிருக்கும்.

தப்புக் கணக்குகளுக்குத் தனி நோட்டு போடுங்கள். அதில் சரியான விடையைவிட, எங்கே வழி தவறியது என்று பிள்ளை தன் சொல்லில் எழுதுகிற ஒரு வரி முக்கியம். "பை கேட்டாங்க, நான் மீட்டர்னு நெனச்சுட்டேன்" என்பது போன்ற ஒரு வரி. வாரம் ஒருமுறை கணக்கை நீங்கள் கொடுக்காமல் விடையை மட்டும் கொடுங்கள்: "விடை மூன்றரை. கணக்கை நீயே சொல்லு." சிலர் சுலபமாக ஏழில் பாதி என்று தப்பித்துக்கொள்வார்கள். சிலர் தோசைமாவு, டீசல், மாமா வீட்டு வயல் என்று கொண்டுவருவார்கள்; அதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு தேட வேண்டியதில்லை.

கொடிக்கயிற்றை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள். அடுத்த அத்தியாயத்தில் சதவீதத்துக்கு அதே கயிறு வேண்டும்.